மூன்றாவது படி

பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தென்காசியில் அவருடைய பாத்திரக்கடையில் வேலை பார்த்த பேச்சித்தாய் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஆறு மாதத்தில் விழுந்தவர்களில் இவள் இரண்டாவது. மனுஷன் பயந்துபோய்த் தன் குருவைத் தேடி ஓடினார்.

குரு ஒரு பெண். நாற்பது வயதுகூட இராது. அண்ணாச்சி அறுபதைத் தாண்டியவர். ஆனாலும் அவள் முன்னால் உட்கார மாட்டார். அன்றைக்கு ஓரிடத்தில் நிற்கவும் முடியவில்லை அவரால்.

"கடைக்குக் கண்ணு பட்டிருக்கு தாயி. பூசணிக்காய் உடைச்சாச்சு, ஹோமம் பண்ணியாச்சு. வாசலையே இடிச்சுக் கிழக்கே மாத்திட்டேன். நாளைக்கு இன்னொருத்தி விழுந்து செத்துட்டா நான் என்ன செய்வேன்? ஒரு பரிகாரம் சொல்லுங்க."

"கடையைப் பார்க்கணும்."

போனார்கள். எந்த மூலையில் எலுமிச்சம்பழம் வைக்கலாம், சாம்பிராணி காலையிலா சாயங்காலமா என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சி பின்னால் அலைந்தார். குரு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணாந்து மேல்தட்டைக் காட்டினாள்.

"அந்த இட்லிக் கொப்பரையைப் பார்க்கலாமா?"

"அதுக்கென்ன தாயி. ஏ மாடத்தி, ஏறி எடு."

மாடத்தி, பேச்சித்தாயின் இடத்துக்கு முந்தாநாள்தான் வேலைக்குச் சேர்ந்தவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் கை வைத்தாள். குரு அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டுத் தானே ஏறத் தொடங்கினாள்.

அண்ணாச்சி பாய்ந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, மூணாவது படியை மிதிச்சிராதீங்க. அது ஆடும்."

குரு இரண்டாவது படியிலேயே நின்றாள்.

"எத்தனை நாளா ஆடுது?"

"தை மாசத்திலேருந்து, ஆறேழு மாசமா. நான் ஏறினா அதைத் தாண்டித்தான் கால் வைப்பேன்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. முகம் செத்துப்போயிற்று. மாடத்தி ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஏணி வாங்கிடுறேன் தாயி," என்றார் அவசரமாக. "இன்னைக்கே வாங்கிடுறேன். பரிகாரத்தைச் சொல்லுங்க."

குரு மெல்ல இறங்கித் தரையில் நின்றாள்.

"எனக்குச் சொன்னீங்களே அண்ணாச்சி, மாடத்திக்கு ஏன் சொல்லலை?"