களாச்செடியும் பல்லக்கும்

ஊசிமலைச் சரிவு முழுக்கக் களாச்செடிதான். அதைக் காத்து, வருஷத்துக்கு நூறு கூடை களாக்காய் ஜமீனுக்கு அனுப்புவது மூக்காயியின் வேலை. ஒருநாள் ஜமீன் காரியஸ்தர் ரத்தினசபாபதி, குமாஸ்தாவும் சமையல்காரரும் பின்னால் நடந்துவர, பல்லக்கில் மலையேறி வந்தார். வந்தவர் இறங்கக்கூட இல்லை.

"செடிக்குச் செடி இவ்வளவு இடம் எதுக்கு? நடுவுல ஒவ்வொண்ணு நடு. வர்ற வருஷம் இருநூறு கூடை வரணும். இல்லேன்னா மலையைவிட்டு நீ கிளம்பு!"

"நெருக்கினா காய்க்காதுங்க, சாமி. இங்கே மண்ணே ஒரு சாண்தான். இருக்கிற ஈரத்துக்கு ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கும்."

"எனக்கே பாடம் சொல்றியா?"

மூக்காயி பல்லக்குக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உங்க பக்கத்துலயும் இடம் சும்மாதான் கிடக்குது. குமாஸ்தாவையும் சமையல்காரரையும் ஏத்திக்கிட்டு அடிவாரம்வரைக்கும் போயிடுங்க, சாமி. போய்ச் சேர்ந்துட்டா, நான் இருநூறு கூடை தாரேன்."

"அவ்வளவுதானே!" என்றார் காரியஸ்தர்.

முதல் வளைவில் குமாஸ்தாவின் முழங்கை அவர் விலாவில் இடித்தது. இரண்டாவது வளைவில் சமையல்காரரின் முழங்கால் தொந்தியில் இறங்கியது. தலைப்பாகை பள்ளத்தில் விழுந்தது.

"இறக்குங்கடா! மூச்சு முட்டுது!"

கூடவே நடந்துவந்த மூக்காயி குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு வளைவுக்கேவா, சாமி? நீங்க கத்தினீங்க, இறக்கிவிட்டாங்க. செடி எங்கே போய்க் கத்தும்? காய்க்காம நின்னுதான் சொல்லும்."

பல்லக்குத் தூக்கிகள் சிரிப்பை அடக்க மலையைப் பார்த்தார்கள்.

"நூறு கூடையே அனுப்பு" என்று முனகிவிட்டு, காரியஸ்தர் மீதி மலையை நடந்தே இறங்கினார்.