கறை பத்திரம்

மூலைப்பேரியில் பழைய அமெரிக்க வெள்ளி டாலர் சேகரிக்கும் சங்கம் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் மூன்று பேர், டாலர் ஒன்று. அதுபோக இரண்டு டிரங்குப் பெட்டி நிறையச் செல்லாக்காசு. தலைவர் உத்தண்டி அண்ணாச்சி. அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட பால்வண்ணமும் சுடலைக்கண்ணும் இருந்தார்கள்.

டாலர், கப்பலில் வேலை பார்த்த அண்ணாச்சியின் சகலை கொடுத்தது. ஒரு பக்கம் பெண்முகம், மறுபக்கம் சிறகு விரித்த கழுகு, இரண்டின் மேலும் நூறு வருஷத்துக் கறுப்பு.

திருநெல்வேலி நாணயக் கண்காட்சியிலிருந்து மூன்று வருஷமாக அண்ணாச்சி வெறுங்கையோடுதான் திரும்பியிருந்தார். இந்தத் தடவை மனைவி செண்பகவடிவு கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கப்பு இல்லாம வந்தியள்னா, உங்க கலெக்‌ஷன் மொத்தத்தையும் பழைய இரும்புக்காரர்ட்ட போட்டுருவேன்."

அந்தப் பெட்டிகள் தலைமாட்டில் இல்லாவிட்டால் அண்ணாச்சிக்குத் தூக்கமே வராது.

ஆகவே ஒரு வாரம் முன்பே டாலரை எடுத்துக்கொண்டு நடுவரைப் போய்ப் பார்த்தார்கள். நடுவர் நல்ல மனிதர். யாரிடம் பேசுகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"அபூர்வமான காசு சார். இந்தக் கறைதான் இதோட மதிப்பே. அது போச்சுன்னா வெறும் வெள்ளி. தண்ணி, சோப்பு, துணி எதுவும் படக் கூடாது. பிடிச்சா ஓரத்தை மட்டும் பிடிங்க. கறையைப் பத்திரமா கொண்டுவந்து சேத்துடுங்க, போதும்."

திரும்பும்போது மூன்று பேரும் ஆளுக்கொரு விரலால் டாலரின் ஓரத்தைப் பிடித்தபடி பஸ்ஸில் வந்தார்கள். இறங்கும்போது மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

கண்காட்சி நாள் காலையில் சங்கம் கூடியது.

"அண்ணாச்சி, பஸ்ஸு குலுக்குத குலுக்குல கறை உதுந்துட்டா என்ன செய்ய?" என்றார் பால்வண்ணம்.

"மதிப்பு கறைக்குத்தான? பெறவு வெள்ளியை எதுக்குச் சுமக்கணும்?" என்றார் சுடலைக்கண்ணு.

இப்பேர்ப்பட்ட மூளைகள் மூலைப்பேரியில் முடங்கிக் கிடக்கின்றனவே என்று அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது.

தண்ணீர் படவில்லை. சோப்பு படவில்லை. துணியும் படவில்லை. சவரக் கத்தியால்தான் சுரண்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு சிட்டிகை கறுப்புத் தூள் சேர்ந்தது. அதை விபூதி மடிப்பதுபோலக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்கள். பளபளவென்று மிஞ்சிய வெள்ளியை, வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தார்கள். மேசை ஆடுவது நின்றது.

பஸ் பாதி தூரம் போனதும் அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. கறை இருக்கிறதா என்று பொட்டலத்தை மூக்கருகே பிரித்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. தூள் அத்தனையும் வியர்த்திருந்த அவர் முகத்தில் அப்பிக்கொண்டது.

"போச்சே!" என்று அலறினார் அண்ணாச்சி.

"எங்க போச்சு? உங்க மூஞ்சிலதான இருக்கு" என்றார் பால்வண்ணம். "தொடச்சிராதிய. பேசவும் செய்யாதிய, உதுந்துரும்."

இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்து, அண்ணாச்சியை அலுங்காமல் குலுங்காமல் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். நீல வெல்வெட் விரித்த மேசைமேல் அவரை ஏற்றி உட்கார்த்தி, கழுத்தில் 'அமெரிக்கா, 1881' என்று அட்டை மாட்டினார்கள்.

நடுவர் வந்தார். "டாலர் எங்க?"

"அது வீட்ல மேசைக்கு அண்டக் கொடுத்திருக்கு சார். கறை முழுசும் இங்க இருக்கு. பின்பக்கமும் பாக்கியளா?" என்று சுடலைக்கண்ணு காதைப் பிடித்து அண்ணாச்சியைத் திருப்பிக் காட்டினார்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டவில்லை. கப்பு பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் போனது.

அண்ணாச்சி வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் பழைய இரும்புக்காரர் தராசோடு காத்திருந்தார். இரண்டு பெட்டிகளும் ஏற்கெனவே தட்டில் ஏறியிருந்தன. அதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு அழுகை முட்டியது. கறை கரைந்துவிடும் என்பதால் அழவும் முடியவில்லை.

"கப்பு எங்க?" என்றாள் செண்பகவடிவு.

"கெடைக்கல மதினி" என்றார் பால்வண்ணம். "ஆனா இப்ப அண்ணாச்சியே கலெக்‌ஷன்ல சேந்துட்டாவ."

அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இரும்புக்காரரிடம் திரும்பினாள்.

"அப்ப இதையும் சேத்து எடை போடும்."

இரும்புக்காரர் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு அண்ணாச்சியின் இடுப்பில் கை வைத்தார். பால்வண்ணமும் சுடலைக்கண்ணும் பதறிப்போய் ஓடிவந்தார்கள்.

"ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கும்வே!"