இடிமுரசனின் காலுக்கு ஒரு போர்த்திறன்

முட்டாள்களைப் பற்றிய கதைகளில் பெண்களுக்கு இடம் தருவதில்லை. தப்பித் தவறித் தந்தாலும், முட்டாள் புருஷனுக்குச் சோறு பொங்கிப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் புத்திசாலி மனைவியாக ஓர் ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். முழு முட்டாளாக நடமாடும் உரிமையை ஆண்கள் தங்கள் பேருக்கே எழுதிவைத்துக்கொண்டார்கள். இது அநியாயம். மதுரை சிம்மக்கல்லில் அங்கயற்கண்ணி என்று ஒருத்தி இருந்தாள். ‘தீப்பிடித்தால் படிக்கட்டைப் பயன்படுத்தவும்’ என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, படியேறுவதற்காகத் தீப்பெட்டி கேட்டு அலைந்தவள். எந்த ஆணுக்கும் அவள் குறைந்தவள் அல்லள்.

அவளும் மூன்று ஆண்களும் ஞாயிறு பிற்பகல்களில் ஒரு தையற்கடையின் மாடியில் கூடி ஓர் ஆட்டம் ஆடினார்கள். அதற்குக் காகிதமும் பகடையும் வாயும் போதும். இம்மானுவேல் என்பவர் நடுவர். காடு, குகை, பூதம் என்று அவர் வர்ணிக்க வர்ணிக்க, ஆடுபவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாறி, ‘நான் வெட்டுகிறேன்’, ‘நான் ஓடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

ஆளுக்கொரு வீரன் என்பது மற்றவர்களின் வழக்கம். இவர்களோ விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பக்தியோடு படித்தவர்கள். ‘குழுவினர் அனைவரும் ஒரே ஆளாக நின்று போரிட வேண்டும்’ என்று அதில் இருந்தது. ஆகவே ஒரே ஆளைப் படைத்து, இடிமுரசன் என்று பெயர் சூட்டி, அவனைப் பங்கு பிரித்தார்கள். மூத்தவரான பூவலிங்கம் வலக்கையை எடுத்துக்கொண்டு வாள்வீரரானார். கலியமூர்த்தி இடக்கையை எடுத்து, அதில் ஒரு மருந்துப் பையை மாட்டி, வைத்தியரானார். இளையவன் தாவீது தலையை எடுத்து மந்திரவாதியானான். ஓர் உடம்பில் மூன்று தொழில். பேருந்து தாமதமாகி அங்கயற்கண்ணி வந்து சேர்ந்தபோது மிச்சம் இருந்தவை கால்கள்.

அன்றுமுதல் காட்டிலும் மேட்டிலும் இடிமுரசனை நடத்திச் சென்றவள் அவள்தான். சண்டை தொடங்கியதும், “கால் அப்படியே ஓரமா நிக்கட்டும்” என்று சொல்லிவிடுவார்கள். உடம்போடு ஒட்டிய கால் எந்த ஓரத்தில் நிற்க முடியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை; அவளுக்கும் தோன்றவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை: ஒரு தடவையாவது கால் சண்டை போட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடிமுரசன் பத்தாம் படிநிலையை எட்டினான்.

“மூணு போர்த்திறன் எடுத்துக்கலாம்,” என்றார் இம்மானுவேல். “குகை வாசல்ல உலக்கைப் பூதம் நிக்குது. யோசிச்சு, ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி எடுங்க. இடிமுரசன் செத்தான்னா அவனை வரைஞ்சு வச்சிருக்கிற தாளைக் கிழிச்சிருவேன். அப்புறம் அவன் இல்ல.”

“மூணு திறன், மூணு பேரு. கணக்கு சரியாப் போச்சு,” என்றார் பூவலிங்கம்.

“அப்ப காலு?” என்றாள் அங்கயற்கண்ணி.

“காலுக்கு எதுக்கும்மா போர்த்திறன்? செருப்பு வேணும்னா வாங்கித் தர்றோம்.”

“நான் நடக்கலைன்னா உங்க வாளு பூதத்துக்கிட்ட எப்படிப் போகும்? தபால்லயா?”

பூவலிங்கம் இதை ஆழ்ந்து யோசித்தார். “வாளைத் தபால்ல வாங்க மாட்டாங்க,” என்று ஒப்புக்கொண்டார்.

இம்மானுவேலுக்கு மனம் இளகியது. புதிதாக ஒரு தொழிலைச் சேர்த்துக்கொண்டால் நான்காவது திறன் ஒன்று உண்டென்று புத்தகத்தில் காட்டினார்.

“ஒற்றன் தொழில் எனக்கு,” என்றாள் அவள்.

“காலு எப்படிக்கா ஒற்றனாகும்?” என்றான் தாவீது.

“ஒற்றன் எதாலடா நடக்குறான்? காதாலயா?”

காதால் நடந்து எவருக்கும் பழக்கமில்லாததால் அது தீர்ப்பாகக் கொள்ளப்பட்டது.

பொருத்தம் பார்க்கும்படி நடுவர் சொல்லியிருந்தார். அவர்கள் பார்த்தார்கள். நான்கு திறன்களின் பெயரும் அவரவர் ராசிக்குப் பொருந்தியது. சண்டை தொடங்கியது.

பூவலிங்கம் எடுத்தது ‘இருகை வெட்டு’. இரண்டு கைகளாலும் வாளைப் பிடித்தால் அடி இரட்டிப்பாகும். ஆனால் இடிமுரசனின் இடக்கை கலியமூர்த்தியின் சொத்து.

“பையைக் கொஞ்சம் கீழ வையேன்ப்பா.”

“குகைத் தரைண்ணே. கிருமி இருக்கும்.”

“சரி விடு. எனக்குன்னு சொந்தமா ரெண்டு கை இல்லாமலா போச்சு?” என்று பூவலிங்கம் தையற்கடை அளவுகோலைத் தம் இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு பகடையை உருட்டக் கையில்லை. அவரவர் பகடையை அவரவரே உருட்ட வேண்டும் என்பது விதி. அவர் குனிந்து முகவாயால் உருட்டினார். பகடை மேசையைச் சுற்றி ஓடி, அவர் வாழ்நாளில் காணாத பெரிய எண்ணைக் காட்டியது. பூதம் குற்றுயிராய் முழங்காலிட்டது.

“இன்னும் ஒரு அடிதான்!” என்றார் இம்மானுவேல், தம்மையும் மறந்து.

அடுத்த முறை கலியமூர்த்தியுடையது. அவர் எடுத்தது ‘கருணைத் தொடுகை’. தன்னைத் தவிர, அருகில் காயம்பட்டிருக்கும் எவரையும் முழுமையாகக் குணப்படுத்துவது.

“காயம்பட்டு யாரு இருக்கா?” என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“பூதம்தான்,” என்றார் இம்மானுவேல்.

“பக்கத்துலதானே?”

“ஆமா. ஏன் கேக்குறீங்க?”

“தொடுறேன்.”

“அது எதிரிண்ணே!” என்று தாவீது அலறினான்.

“வைத்தியனுக்கு எதிரி ஏதுடா? ‘தன்னைத் தவிர’ன்னுதான் போட்டிருக்கு, ‘பூதத்தைத் தவிர’ன்னு போடலையே. கண்ணு முன்னால ஒரு உசுரு துடிக்குது, பையை வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா?”

பூதம் எழுந்து நின்று கும்பிட்டு நன்றி சொல்லியதாக இம்மானுவேல் பல்லைக் கடித்துக்கொண்டு அறிவித்தார்.

தாவீது எடுத்தது ‘அனல்மாரி’. மந்திரம் சொல்லி முடியும்வரை உடம்பு துளியும் அசையக் கூடாது. அவன் மூச்சை அடக்கிச் சிலையானான். எல்லாரும் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. அவன் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது.

“மந்திரத்தைச் சொல்லுப்பா,” என்றார் இம்மானுவேல்.

தாவீது மூச்சை விட்டான். “எப்படி சார் சொல்றது? உதடும் உடம்புதானே?”

இனிக் கால்களின் முறை. அங்கயற்கண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் எடுத்தது ‘நிழல்மறைவு’: மறைந்திருப்பவர் பேசக் கூடாது, கண்டுபிடிக்கப்படாதவரை அவரை எவராலும் தாக்க முடியாது. மற்றவர்களாயிருந்தால் “மறைகிறேன்” என்று சொல்லிவிட்டு முறுக்கு தின்றிருப்பார்கள். அவள் நேர்மையானவள். எழுந்து போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

“பூதம் உலக்கையைத் தூக்குது,” என்றார் இம்மானுவேல். “ஓடினாப் பிழைக்கலாம். ஓடுறீங்களா?”

“ஓடுறோம், ஓடுறோம்! கால் எங்க?”

மூவரும் தேடினார்கள். மேசைக்கடியில் பார்த்தார்கள், அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். திரைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் இரண்டும் கொலுசோடு பளிச்சென்று தெரிந்தன. கலியமூர்த்தி அவற்றைக் கண்டார். மிதித்துவிடாமல் மரியாதையாகத் தாண்டியும் போனார். அவை அங்கயற்கண்ணியின் கால்கள். அவர்கள் தேடியது இடிமுரசனின் கால்களை.

“அக்கா! எங்கக்கா இருக்க? ஒரு குரல் குடுக்கா!”

திரைக்குப் பின்னால் அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். குரல் கொடுத்தால் திறன் போய்விடும். எத்தனை நாள் ஓரமாக நின்றிருக்கிறாள்! இன்றுதான் எல்லாரும் காலைக் கூப்பிடுகிறார்கள். போர் என்பது இத்தனை சுகமானதென்று தெரியாமல் போயிற்றே என்று அவள் கண் கலங்கினாள்.

உலக்கை இறங்கியது. வலக்கை, இடக்கை, தலை எல்லாம் ஒரே அடியில் தீர்ந்தன. இம்மானுவேல் நிம்மதிப் பெருமூச்சோடு இடிமுரசனின் தாளைக் கிழிக்க எடுத்தார்.

“நிறுத்துங்க!” என்று திரையை விலக்கிக்கொண்டு வந்தாள் அங்கயற்கண்ணி. “மறைஞ்சிருக்கிறதை அடிக்க முடியாதுன்னு நீங்கதானே படிச்சீங்க? கால் மறைஞ்சிருந்துச்சு. கால் சாகலை.”

இம்மானுவேல் புத்தகத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். சட்டம் அவள் பக்கம் இருந்தது.

“இடுப்பு வரைக்கும் கிழிச்சுக்குங்க,” என்றாள் அவள் பெருந்தன்மையோடு.

அவர் அப்படியே கிழித்தார்.

மூன்று ஆண்களும் அன்றே ஒரு புது வீரனைப் படைத்தார்கள். காலாக இருக்க அவர்களில் எவருக்கும் மனமில்லை. அந்த வீரன் இன்றும் பிறந்த இடத்திலேயே உட்கார்ந்து, பூதங்கள் தாமாக வந்து சேரும் என்று காத்திருக்கிறான்.

அங்கயற்கண்ணி தனி ஆட்டக்காரியானாள். அவளுடைய வீரன் இடுப்புக்குக் கீழே மட்டும்தான். இப்போது இருபதாம் படிநிலையில் இருக்கிறான். வென்று கொண்டுவந்த மந்திரக் கிரீடத்தை அவனுடைய வலது முழங்காலில் மாட்டியிருக்கிறாள். இதுவரை அவள் ஒரு சண்டையிலும் தோற்றதில்லை. கால்களுக்குக் காது கிடையாது என்பதால், “நீங்க செத்துட்டீங்க” என்று இம்மானுவேல் எத்தனை முறை கத்தினாலும் அவை பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கின்றன.