இரும்புக்கு ஒரு குச்சி

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய் இருந்தாலும், இப்போது மென்றுகொண்டிருக்கும் இந்த வெற்றிலை என் நாக்கிலேயே வேர்விட்டுக் கொடியாகப் படரட்டும். கம்பு நட்டுப் பந்தல் போடும் வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மூணு நாளா இரும்புதான்டா வருது," என்றார் தெய்வசிகாமணி வாத்தியார்.

"வரட்டும் சார்," என்றான் சம்பங்கி.

மண்ணுக்குள் உலோகம் தேடும் வித்தையில், குறைப்பட்டுக்கொண்டவர் சீடர். வயது அறுபத்தாறு. பதில் சொன்னவன் குரு. வயது நாற்பத்து நாலு.

குருவைப் போய் அவன் இவன் என்கிறானே என்று முறைக்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால், எட்டாம் வகுப்பில், இதே சீடரிடம் சரித்திரத்தில் பெயிலானவன் அவன். வாத்தியார் மனசுக்குள் இன்னும் பெஞ்சு மேலேதான் நின்றுகொண்டிருந்தான்.

இருவரும் நின்றது மேல்சிறுவாடியில், பட்டம்மாளின் கடலைக் கொல்லையில். கடலை பிடுங்கி முடிந்து தரை வெறுமையாகக் கிடந்தது.

வாத்தியார் கையில் இருந்தது, மகன் துபாயிலிருந்து அனுப்பிய மெஷின். அடியில் உள்ள தட்டைத் தரைக்கு மேலே ஆட்டிக்கொண்டே போனால், மண்ணுக்குள் உலோகம் இருக்கும் இடத்தில் கீச்சென்று கத்தும்.

சம்பங்கியின் மெஷின் அவனே செய்தது. ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ, ஒரு குடைக்கம்பு, செம்புக் கம்பிச் சுருள். அது கத்தாது. பாடும். ஒருமுறை கல்யாண ஊர்வலம் அந்தப் பக்கமாகப் போனபோது மாப்பிள்ளையின் தங்கப் பல்லைக் கண்டு ராகம் இழுக்க ஆரம்பித்ததுதான், தாலி கட்டி முடியும்வரை ஓயவில்லை. நாதஸ்வரக்காரர் கோபித்துக்கொண்டு பாதியில் கிளம்பிவிட்டார். நான்தான் பின்னாலேயே ஓடிச் சமாதானம் சொல்லி அழைத்துவந்தேன்.

அது போகட்டும். காரியம் இதுதான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது. ஞாயிற்றுக்கிழமை விழா. விழா மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தரும்படி வாத்தியாரைக் கேட்டிருந்தார்கள். கும்பினிப் படை ஒரு மழைக்காலம் முழுக்க இந்த ஊரில் முகாம் போட்டிருந்தது என்று அவர் ஒரு பத்தி எழுதியிருந்தார். வெள்ளைக்காரக் கம்பெனியைத்தான் அந்தக் காலத்து ஜனங்கள் கும்பினி என்றார்கள். முப்பத்து நாலு வருஷம் வகுப்பில் சொன்ன சமாச்சாரம் அது. 'கும்பினி வாத்தியார்' என்ற பட்டப்பெயரே அதனால் ஒட்டிக்கொண்டதுதான்.

மலர்க் குழுவினர் அந்த ஒரு பத்தியைச் சுற்றிக் கட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஆதாரம் இருந்தால் போடலாம், இல்லையென்றால் எடுத்துவிடலாம் என்று பணிவாக ஒரு குறிப்பு.

வாத்தியாரிடம் ஆதாரம் இல்லை. அவருக்கு அவர் அப்பா சொன்னார். அப்பாவுக்கு யார் சொன்னது என்று கேட்க இப்போது அப்பா இல்லை.

ஒரே ஒரு கும்பினிக் காசு கிடைத்தால் போதும். பத்தி பிழைத்துவிடும். யாரையும் கொல்லையில் இறங்கவிடாத பட்டம்மாள், பிள்ளைக்குப் பாடம் சொன்னவர் என்ற மரியாதைக்காக வியாழன்வரை விட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை டிராக்டர் வந்துவிடும்.

முதல் நாளே கேட்டார் சீடர்: காசு கிடைக்க என்னடா வழி?

சம்பங்கி மெஷினைக் கையில் வாங்கினான். வாத்தியாரின் மெஷினில், இரும்பைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொள்ளச் செய்ய ஒரு திருகு இருந்தது. அதைக் கத்தும் பக்கமாகத் திருகிவிட்டு, கழற்றி மடியில் செருகிக்கொண்டான்.

கூடவே ஒரு நிபந்தனை. இரும்பு எடுத்த ஒவ்வொரு குழியையும் மூடி, அதே இடத்தில் ஒரு துவரைக் குச்சி நட வேண்டும்.

எதற்கென்று கேட்டார் வாத்தியார்.

துவரைக் குச்சி சும்மாதானே கிடக்கிறது என்றான் குரு.

அன்றிலிருந்து இரும்பு. மாடு கட்டும் முளையின் துருப்பிடித்த துண்டு, மாட்டு லாடம், லாட ஆணி. எந்தக் கொல்லையிலும் கிடைக்கிற சரக்கு. ஒரே ஒருமுறை மெஷின் வேறு குரலில் கூப்பிட்டது. வாத்தியார் மண்டி போட்டு, நகத்தாலேயே தோண்டினார். சோடா பாட்டில் மூடி.

குனிந்தார், தோண்டினார், மூடினார், குச்சி நட்டார். குனிந்து குனிந்து மூன்று நாளில் அவர் உயரம் ஒரு சாண் குறைந்துவிட்டது. வேட்டி தரையில் புரளுகிறதென்று அவர் வீட்டம்மாள் கீழே மடித்துத் தைத்துக் கொடுத்தார்கள். தையலை நான் கண்ணால் பார்த்தேன்.

வியாழக்கிழமை வெயில் தாழும் நேரத்தில் வாத்தியார் மெஷினைக் கீழே வைத்தார்.

"சம்பங்கி. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. முப்பத்து நாலு வருஷமா புள்ளைங்களுக்கு நான் பொய்யா சொல்லிக்கிட்டிருந்தேன்?"

குரு ஓரத்தில் இருந்த மோட்டார் அறையைக் காட்டினான்.

"அது மேல ஏறுங்க சார்."

படி இல்லை. சம்பங்கி சுவரோரம் உட்கார்ந்து தோளைக் கொடுத்தான். சீடர் குருவின் தோளில் கால் வைத்து ஏறினார்.

"என்ன தெரியுது?"

வாத்தியார் கண்ணுக்கு மேல் கையை மறைத்துப் பார்த்தார்.

கொல்லை முழுக்கத் துவரைக் குச்சி. கால் போன போக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். மேலேயிருந்து பார்த்தால் ஆறு வரிசை. நூல் பிடித்த மாதிரி. குச்சிக்குக் குச்சி ஒரே இடைவெளி. காலைப் பிரேயருக்குப் பிள்ளைகள் கையை நீட்டி அளந்து நிற்பார்களே, அப்படி.

ஊர்க்காரன் நிழல் பார்த்து மாட்டைக் கட்டுவான். வரிசை பார்த்துக் கட்டமாட்டான்.

"பீரங்கி இழுக்கற மாடு," என்றார் வாத்தியார், தனக்குத்தானே. "இரும்பு முளை அடிச்சு..."

"வரிசையா கட்டுவாங்க. வரிசைக்கு ஒரு காவல்காரன். லாடம் அடிக்க ஒரு ஆளு," என்று கீழேயிருந்து முடித்தான் சம்பங்கி. "நீங்க நடத்தினதுதான் சார்."

"உனக்கு எப்படிடா ஞாபகம்? நீ பெயிலாச்சே."

"அதை எழுதித்தான் சார் பெயிலானேன்."

எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை. கும்பினிப் படை முகாமிட்ட ஊர் ஒன்றைக் கூறு என்று ஒரு கேள்வி. சம்பங்கி 'மேல்சிறுவாடி' என்று எழுதியிருந்தான். புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை. சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. கோடு போட்டது யார் என்று கேட்கிறீர்களா? அந்தப் பள்ளிக்கூடத்தில் சரித்திரத்துக்கு ஒரே வாத்தியார்தான்.

அந்தக் கோடு அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"எத்தனை மார்க் கேள்வி அது?"

"ரெண்டு. அந்த ரெண்டுதான் கொறைஞ்சுது." சம்பங்கி சிரித்தான். "விடுங்க சார். அதனாலதான் ரேடியோ கடைக்குப் போனேன், தொழில் கத்துக்கிட்டேன். நீங்க சொன்னது நெசமான்னு பாக்கத்தான் இந்த மெஷினையே செஞ்சேன். என்னை எவன் கொல்லையில இறங்கவிடுவான்? செஞ்சு இருபது வருஷம் கழிச்சு நீங்க வந்தீங்க. பட்டம்மா விட்டுச்சு."

வாத்தியார் இறங்க வேண்டும். சம்பங்கி மறுபடி தோளைக் கொடுத்தான். அதில் கால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. குதித்தார். அறுபத்தாறு வயதில்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "கையை நீட்டு," என்றார்.

சம்பங்கி உள்ளங்கையை விரித்து நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிரம்படி வாங்கிய கை. அதற்கு வயது தெரியாது.

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். காய்த்துப்போன அந்த உள்ளங்கையில் பெரிதாக ஒரு இரண்டு போட்டார். சுற்றி வட்டம் போட்டார். கீழே கையெழுத்தும் போட்டு, அன்றைய தேதியையும் எழுதினார்.

கொஞ்சம் காது கொடுங்கள். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், யார் சொன்னது என்று மட்டும் வாய் தவறிவிடக் கூடாது. விஷயம் பரவினால் தொல்பொருள் இலாகாக்காரர்கள் வந்து கொல்லையைச் சுற்றி வேலி போட்டுப் பலகை நட்டுவிடுவார்கள். பட்டம்மாள் அடுத்த கடலையை என் தலைமேல்தான் போடுவாள். ரொம்ப வற்புறுத்திக் கேட்டால், டீக்கடையில் யாரோ ஒரு கிழவன் என்று சொல்லிவிடுங்கள். ஊரில் அப்படி நாற்பது பேர் இருக்கிறோம்.