வாய்தா தராதவர்

"கடைசியில ஜெயிச்சது யாரு டீச்சர்?"

கேள்வி முதலில் வந்தது. பரஞ்சோதி பின்னால் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலோடு நின்றுகொண்டார். கழற்றினால் மறுபடியும் மாட்ட வேண்டுமே.

சுகிர்தா டீச்சரின் வீடு சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. கல்லூரியில் மேலைத் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். யார் வந்து என்ன கேட்டாலும் பேசுவார். சில சமயம் பேசாமலே இருப்பார். ஆட்கள் பயந்தது இரண்டாவதற்குத்தான்.

பரஞ்சோதி அவரைவிட இருபது வயது மூத்தவர். திண்டுக்கல்லில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் கோர்ட்டில் வாய்தா என்ற சொல்லை எடுத்த வக்கீலுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வழக்கைத் தள்ளிவைப்பது அவருக்குப் பாவம் செய்கிற மாதிரி. அவருடைய முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'இன்னைக்கே பரஞ்சோதி' என்றுதான் சொல்வார்கள்.

ஓய்வுக்குப் பிறகு அவரை ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. மேலைத் தத்துவத்தின் முழுக் கதையையும், டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கும் விளங்குகிற தமிழில், ஒரே புத்தகமாக எழுதிவிட வேண்டும். அதற்காகத்தான் டீச்சரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

முதல் தடவை வந்தபோது அவர் நீட்டிய தாள்களை டீச்சர் வாங்கவேயில்லை. தத்துவம் தெரியாத ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் அப்படி ஓர் ஆள் இருந்தார். மனைவி மரகதம். இதயம் பலவீனமாகி, மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்தவர்.

பரஞ்சோதி தினமும் கட்டிலருகே நின்று, தீர்ப்பு வாசிக்கிற குரலில் வாசித்தார். உட்கார்ந்து வாசிக்க அவருக்கு வராது.

எல்லாம் நீரிலிருந்து வந்தது என்றார் முதலில் வந்த கிரேக்கர் தேல்ஸ். மரகதம் நீர் கோத்து வீங்கிக் கிடந்த தன் காலைப் பார்த்தார். "சரியாத்தானே சொல்லியிருக்காரு," என்றார்.

நீர் அல்ல, காற்று என்றார் பின்னால் வந்த ஒருவர். மரகதம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இவர் சொல்வதும் சரிதான் என்றார். ஆனால் அந்தத் தண்ணீர்க்காரரைத் தோற்றவர் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சாக்ரடீஸ் கதையில் பெரிய தகராறே வந்தது. விஷம் குடிப்பதற்கு முன்னால், அழுத மனைவியை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார் என்று வாசித்தார் பரஞ்சோதி. கடைசி நேரத்தில் பெண்டாட்டியை அனுப்பிவிட்டு நண்பர்களோடு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று மரகதம் கேட்டார். இரண்டு நாள் கோபம் தீரவில்லை. கோபம் சாக்ரடீஸ் மேல் மட்டும்தானா என்பது பரஞ்சோதிக்குத் தெரியவில்லை.

இப்படியே போயிற்று. ஒருவர் கட்டுவார், அடுத்தவர் இடிப்பார். இடிபட்டவர் பக்கம் மரகதம் போய் நின்றுகொள்வார்.

இரண்டாம் தடவை வந்து பரஞ்சோதி இதையெல்லாம் புகாராகச் சொன்னார். தொடர்ந்து வாசியுங்கள் என்றார் டீச்சர்.

இன்று மூன்றாம் தடவை.

"நேத்து டாக்டர் சொல்லிட்டாரு," என்றார் பரஞ்சோதி. "நாள் கணக்குதானாம்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

புத்தகத்தில் இன்னும் முந்நூறு வருடம் பாக்கி இருக்கிறது என்றார் பரஞ்சோதி. மனசு பிறக்கும்போது வெள்ளைத் தாள் என்று சொன்ன ஆங்கிலேயர் வரைக்கும்தான் வந்திருக்கிறதாம். இனி ஒவ்வொருவராக வாசிக்க நேரமில்லை. முடிவு தெரிந்தால் அதை மட்டும் மரகதத்திடம் சொல்லிவிடலாம். இவ்வளவையும் கேட்டவர் தீர்ப்புத் தெரியாமல் போகக் கூடாது.



பரஞ்சோதி வாசலுக்கும் வேலிக்குமாக நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது.

"உங்களுக்குத் தெரியும் டீச்சர். சொல்லுங்க."

"சொன்னா என்ன செய்வீங்க?"

"அவகிட்டப் போய்ச் சொல்லிடுவேன். இன்னைக்கே."

டீச்சர் எழுந்து வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

"வாங்க. உங்க வாசகியைப் பார்க்கணும்."

பஸ்ஸில் பரஞ்சோதி சீட்டின் நுனியில் உட்கார்ந்து வந்தார். வழியில் இரண்டு முறை அதே கேள்வியைக் கேட்டார். டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் ஒரு சீப்பு சிறுமலைப் பழம் வாங்கிக்கொண்டார். நல்ல பழமாகப் பார்த்து எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. பரஞ்சோதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மரகதம் தலையணைகளில் சாய்ந்திருந்தார். மூச்சு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தது. டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பரஞ்சோதி வழக்கம்போல நின்றார்.

"அம்மா," என்றார் டீச்சர். "ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷமா நடக்கிற வழக்கு. யாரு ஜெயிச்சாங்கன்னு சார் கேக்குறாரு. சொல்லிடவா?"

பரஞ்சோதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்து வைத்துக்கொண்டா இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தார்?

"சொல்லுங்க," என்றார் அவசரமாக.

"சொல்லாதீங்க டீச்சர்," என்றார் மரகதம்.



"மரகதம், உனக்குத் தெரியாது. டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

"டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுதானே பேசினீங்க."



மரகதம் மூச்சைச் சேர்த்துக்கொள்ளும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க தீர்ப்பு எழுதிட்டுத்தான் இருந்தீங்க. எனக்குன்னு வந்து நின்னு கதை சொன்னது இப்பத்தான். அதையும் இன்னைக்கே முடிச்சிட்டா எப்படிங்க?"

மரகதம் நின்றுகொண்டிருந்த கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊர்ல உள்ள வக்கீலெல்லாம் உங்ககிட்டக் கெஞ்சியிருக்காங்க. நான் கேட்டதே இல்லை. எனக்கு ஒரு வாய்தா குடுங்க."

பரஞ்சோதி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மும்முரமாக ஒரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து உதவி வராது என்று தெரிந்தது.

பரஞ்சோதிக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. கட்டில் ஓரத்தில், வீங்கிய அந்தக் கால்களுக்குப் பக்கத்தில், மெதுவாக உட்கார்ந்தார்.

"சரி. நாளைக்குத் தள்ளி வைக்கிறேன்."

டீச்சர் பழத்தைப் பிட்டு மரகதத்தின் கையில் கொடுத்தார். மரகதம் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு யாரு வர்றது?"

"ஒரு ஸ்காட்லாந்துக்காரர்."

"அவரு என்ன சொல்றாரு?"

பரஞ்சோதி தயங்கினார். வேறு ஒருவரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சாட்சியத்தை மறைத்துப் பழக்கமில்லை.

"இத்தனை நாளும் சூரியன் உதிச்சுதுங்கிறதை வச்சு, நாளைக்கும் உதிக்கும்னு யாராலயும் நிரூபிக்க முடியாதுங்கிறாரு."

மரகதம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்படியா சொல்றாரு?" என்றார். "காலைல வரச் சொல்லுங்க அந்த ஆளை. நான் பேசிக்கிறேன்."