அழுங்கு பாதியில் விட்ட வளை

குளத்தங்கரைப் பள்ளத்தில் ஒரு முயல் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. மேட்டில் ஓர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில், காலெல்லாம் நகம். மண் தோண்டுவதில் அதற்கு ஈடு கிடையாது.

மழையில் குளம் பொங்கினால் பள்ளம் மூழ்கும். செங்குத்தான கரையில் குட்டிகளால் ஏற முடியாது.

“மேடு வரைக்கும் நான் ஒரு வளை வெட்டித் தர்றேன் தங்கச்சி. கூலி கீலி ஒண்ணும் வேண்டாம்” என்றது அழுங்கு.

பாதி வெட்டியபோது அதன் மனைவி நோயில் விழுந்தாள். அழுங்கு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. நகத்து மண் காய்ந்து உதிர்ந்தது. முயல் வரும் நேரத்துக்கு மட்டும் ஓடிப்போய் வளைக்குள் இருந்துகொள்ளும்.

“வேலை எப்படி அண்ணே?”

“இன்னும் ரெண்டே நாள்.”

மேட்டில் வாழ்ந்த எலிகளும் கேட்டன. “மாமா, நாங்க சும்மாதான் திரியறோம். கூடத் தோண்டட்டுமா?”

“வேண்டாம்டா. இன்னும் ரெண்டே நாள்.”

ஒப்புக்கொண்ட வேலையைக் கைவிட்டவன் என்று பேர் வந்துவிடுமோ என்று அதற்குப் பயம். பாவம், என்ன செய்யும்.

மனைவிக்கு நோய் முற்றியது. அழுங்கு வளைப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டது. ஆனால் முயல் கேட்கும்போதெல்லாம் வளைக்குள்ளிருந்து பதில் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதே குரல். அதே ரெண்டு நாள்.

ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. குளம் பொங்கிப் பள்ளத்துக்குள் வந்தது. முயல் குட்டிகளை வளைக்குள் தள்ளித் தானும் நுழைந்தது.

“அண்ணே, தண்ணி வந்துடுச்சு. வழி திறந்திருக்கா?”

“இன்னும் ரெண்டே நாள்.” குரல் காதருகில் கேட்டது.

“குட்டிங்க இருக்கு அண்ணே!”

“இன்னும் ரெண்டே நாள்.”

முயல் இன்னும் முன்னே நகர்ந்தது. கால் நீட்டித் தடவியது. எதிரே மண்சுவர். மண் காய்ந்து கிடந்தது, யாரும் தொட்டுப் பல நாளாகியிருந்தது. தொங்கிய வேர் ஒன்றில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்லை அது திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு யாரும் அங்கே இல்லை.

பின்னால் தண்ணீர் ஏறியது. முயல் பின்னங்கால்களால் தரையை ஓங்கி ஓங்கி உதைத்தது. மேட்டிலிருந்த எலிகள் அதைக் கேட்டு மேலிருந்து தோண்டின. ஓட்டை விழுந்ததும் மைனா முதலில் பறந்தது. பிறகு முயலும் மூன்று குட்டிகளும் வெளியே வந்தன. நான்காவது குட்டி வரவே இல்லை.

நனைந்த செதிலோடு அழுங்கு வந்து நின்றது. “அவ காலையிலதான் கண்ணை மூடினா, தங்கச்சி.”

முயல் மூன்று குட்டிகளையும் அணைத்துக்கொண்டது. பிறகு சொன்னது: “அண்ணிக்கு முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வந்து பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். எலிங்க வளையை முடிச்சிருக்கும். என் குட்டியும் இருந்திருக்கும்.”

அழுங்கு பதில் சொல்ல வாய் திறந்தது. அதற்குள் தலைக்கு மேலே கிளையில் அதன் குரலே பேசியது: “இன்னும் ரெண்டே நாள்.”

கஷ்டத்தில் வேலை நின்றுபோவது குற்றமில்லை; நின்றதைச் சொல்லாமல் மறைத்தால், நம்பி இருப்பவர்கள் மூழ்கிப்போவார்கள்.