வாத்தின் பின்னே நடந்த வேட்டைநாய்

காட்டை ஒட்டிய குளக்கரையில் மாசானம் என்பவரின் வீடு இருந்தது. அங்கே சூரன் என்ற வேட்டைநாயும் அல்லி என்ற வாத்தும் அதன் கூட்டமும் வளர்ந்தன. சூரனின் ஓட்டத்துக்கு அந்த வட்டாரத்தில் ஈடு கிடையாது. அதற்குப் பயந்து காட்டு நரி குளக்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஒருநாள் காட்டுப்பன்றியைத் துரத்தும்போது சூரனின் பின்னங்கால் பாறை இடுக்கில் சிக்கியது. முழங்காலில் ஜவ்வு அறுந்துவிட்டது. மாசானம் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்: "ஓட விடாதீங்க, தாவ விடாதீங்க. கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்துங்க. அவசரப்பட்டால் கால் மறுபடியும் போய்விடும்."

மாசானம் தொழுவத்தில் சாக்கு விரித்துச் சூரனைப் படுக்கவைத்தார். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை மாட்டினார். சூரன் கஞ்சியைத் தொடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தது.

அல்லி அருகில் வந்து, "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டது.

"ஓட முடியாத நாய்க்குச் சாப்பாடு எதற்கு?"

"ஓட முடியாவிட்டால் என்ன, நடக்கலாமே. எனக்கும் வேகமாக நடக்க வராது. சேர்ந்து நடப்போம், வா."

மறுநாள் மாசானம் கயிற்றைப் பிடிக்க, அல்லி முன்னே ஆடி ஆடி நடந்தது. சூரன் அதன் பின்னே காலை மெல்ல ஊன்றி ஊன்றிப் போனது. சூரனுக்கு வலித்தபோது அல்லி நின்றது. வலி குறைந்ததும் மறுபடி நடந்தது.

வேலிக்கு வெளியே இருந்து நரி இதைப் பார்த்தது. 'இதன் கால் இன்னொரு முறை போய்விட்டால், வாத்துகள் எல்லாம் எனக்குத்தான்' என்று கணக்குப் போட்டது.

அன்று மாசானம் வயலுக்குப் போனதும் நரி வேலியோரம் வந்து உட்கார்ந்தது.

"என்ன சூரா, கழுத்தில் புனல்? எண்ணெய் ஊற்றவா? வாத்துக்கு வால் பிடித்து நடக்கிற வேட்டைநாயை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஆம்பளையாக இருந்தால் என்னைப் பிடி, பார்க்கலாம்."

சூரனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உறுமிக்கொண்டு எழுந்தது. அல்லி ஓடிவந்து குறுக்கே நின்றது.

"சூரா, நில். நீ ஓட வேண்டும் என்றுதான் அது இப்படிப் பேசுகிறது. இன்று பாய்ந்தால் இனி எப்போதும் பாய முடியாது."

சூரன் நரியைப் பார்த்தது. தன் காலைப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் படுத்தது. நரி எழுந்து சிரித்துக்கொண்டே போனது.

அதன்பின் நரி அடிக்கடி வந்து வாய்க்கு வந்தபடி கேலி செய்தது. சூரன் அதைப் பொருட்படுத்தாமல் நாள்தோறும் நடந்தது. பிறகு குளத்தின் ஆழமில்லாத நீரில் இறங்கி நடந்தது. மெலிந்த தொடையில் மெல்ல மெல்லச் சதை பிடித்தது. சில மாதங்கள் கழித்து மருத்துவர் வந்து முழங்காலை மடக்கிப் பார்த்தார்.

"இனி அவிழ்த்துவிடலாம். நன்றாக ஓடும்" என்றார்.

நரிக்கு இது தெரியாது. அது இப்போதெல்லாம் பயமே இல்லாமல் வேலிக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. அன்று மாலை நேராகக் குளக்கரைக்கு வந்து அல்லியின் மேல் பாய்ந்தது.

அல்லி கத்துவதற்குள் சூரன் வந்துவிட்டது. ஒரே தாவலில் கரையோரத் திட்டைக் கடந்து நரியைக் கீழே தள்ளி, கழுத்தை அழுத்திப் பிடித்தது.

"நேற்றுகூட வாத்தின் பின்னால் நடந்தாயே!" என்று நரி அலறியது.

"நடந்தேன். அதனால்தான் இன்று ஓடி வந்தேன்" என்றது சூரன்.

நரி எப்படியோ திமிறிக்கொண்டு ஓடியது. சூரன் விடவில்லை. வயலைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, காட்டின் மறுகோடிவரை துரத்தியது. நரி அந்தக் காட்டையே விட்டுப் போய்விட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்த சூரனை வாத்துக் கூட்டம் முழுவதும் ஆரவாரத்தோடு சூழ்ந்துகொண்டது.

பிறர் கேலிக்கு ஆத்திரப்பட்டுத் துள்ளாமல், காயம் ஆறும்வரை பொறுமையாக இருப்பவரே பின்னர் முழு பலத்தோடு எழுந்து வெல்வார்.